கண்டம் செய்யும் முன் ஒருமுறை துடைத்துப் பாருங்கள்

போன வருடம் ஐப்பசி மழையில், நாகர்கோவிலில் எங்கள் தெருமுனைக் காயலான் கடையில் பழைய மின்விசிறி இறக்கைகளுக்கு நடுவே ஒரு மைக்ராஸ்கோப் கிடந்தது. குதிரை லாட அடிப்பாகம், கறுப்பு எனாமல், ஒற்றைக் கண் குழாய். கழுத்தில் வெள்ளைப் பெயிண்டில் ஏதோ ஒரு பள்ளியின் சரக்கு எண். "கண்டம் பண்ணினது, எடைக்கு வந்ததும்மா" என்றார் கடைக்காரர். 400 ரூபாய் கொடுத்துத் தூக்கி வந்தேன்.

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் 31 வருடம் சளி சிலைடும் ரத்த சிலைடும் பார்த்தவள் நான். இரண்டு நாள் உட்கார்ந்தேன், கருவி பிழைத்துக்கொண்டது. கெட்டுப்போனது என்று எழுதித் தள்ளப்பட்ட அதில் உண்மையாகக் கெட்டிருந்தது எதுவுமே இல்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

இப்படிப்பட்ட கருவியை எடுத்தவுடன் துடைக்கக் கூடாது. அழுக்கு எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஐபீஸில் கண்ணை வைத்தபடியே அதை விரலால் மெல்லச் சுழற்றினேன். மூன்று கறுப்புப் புள்ளிகள் கூடவே சுழன்றன. அப்படியென்றால் அவை ஐபீஸின் அழுக்கு. சிலைடை நகர்த்தும்போது நகர்ந்தால் சிலைடின் அழுக்கு. சிலைடுக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை ஏற்றி இறக்கும்போது மங்கித் தெளிந்தால் அங்கே. சிலைடுக்கு மேலே இருக்கும் ஆப்ஜெக்டிவ் லென்ஸில் அழுக்கு இருந்தால் புள்ளியாகத் தெரியாது, காட்சி முழுக்கப் பால் ஊற்றியது போலிருக்கும். இங்கே 10 எக்ஸ் பளிச்சென்று இருந்தது. 45 எக்ஸுக்குத் திருப்பினால் ஒரே மூட்டம்.

ஐபீஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் அதுவே நல்ல பூதக்கண்ணாடி. அதை வைத்து 45 எக்ஸின் முனையைப் பார்த்தேன். குண்டூசித் தலை அளவுதான் இருக்கும் அந்தக் கண்ணாடி. அதன் மேல் மஞ்சளாக ஒரு படலம், நடுவில் யாரோ விரலால் தேய்த்த வரி. நடந்தது எனக்கு உடனே புரிந்தது. 100 எக்ஸ் லென்ஸுக்குத்தான் சிலைடில் எண்ணெய் விடுவோம். எண்ணெயைத் துடைக்காமல் யாரோ 45-க்குத் திருப்பியிருக்கிறார்கள். அது எண்ணெய் படக் கூடாத லென்ஸ். பட்டது அப்படியே காய்ந்துவிட்டது. எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் செய்யும் தவறு இது.

காது கழுவும் ரப்பர் பல்பால் முதலில் காற்றடித்தேன். தூசி என்பது பாதி மணல். அதை ஊதாமல் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். பிறகு லென்ஸ் பேப்பரில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு. லென்ஸின் மேல் நேராக ஊற்றினால் உள்ளே இறங்கிக் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசையைக் கெடுக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றிச் சுற்றி, ஒரு துண்டால் ஒரே ஒரு முறை. இரண்டு துண்டு மஞ்சளாக வந்தது, மூன்றாவது லேசாக, நான்காவது வெள்ளையாக. சேலைத் தலைப்பு வேண்டாம், கைக்குட்டை வேண்டாம், அசிட்டோன் வேண்டவே வேண்டாம். ஆப்ஜெக்டிவைத் திருகிப் பிரித்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

குழாயை ஏற்றி இறக்கும் திருகும் இறுகிப்போயிருந்தது. காரணம் தேங்காய் எண்ணெய். எங்கள் ஊரில் கதவுக் கீலிலிருந்து சைக்கிள் சங்கிலி வரை அதைத்தானே விடுகிறோம். தூசியோடு சேர்ந்து பித்தளைப் பல்லெல்லாம் அரக்காகிக் கிடந்தது. மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கி, கொஞ்சம் புது கிரீஸ். அரை மணி நேர வேலை. சுத்தம் செய்தபின் குழாய் தானே கீழே வழுக்கியது. இரண்டு பக்கத் திருகையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராக முறுக்கினேன், நின்றுவிட்டது.

கண்டென்சரின் அடியில் சிலந்தி நூல் போலப் பூஞ்சை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. பெட்டிக்குள் மூடி வைத்த கண்ணாடியில் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும்? துடைத்த பிறகும் வேர் ஓடிய தடம் லேசாக இருக்கிறது. பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியையே அரித்துவிடும். ஆனால் அந்த இடத்தில் இருப்பதால் காட்சியில் தெரிவதில்லை.

அடியில் இருந்து ஒளியை மேலே அனுப்பும் கண்ணாடியும் தப்பாகத் திருப்பப்பட்டிருந்தது. கண்டென்சர் உள்ள கருவிக்குத் தட்டைப் பக்கம்தான் மேலே இருக்க வேண்டும், இதில் குழிப்பக்கம் இருந்தது. எர்ன்ஸ்ட் அபே வடிவமைத்த கண்டென்சரையும் எண்ணெய் லென்ஸையும் கொண்டு ஆராய்ந்தவர் ராபர்ட் கோச். 1882-ல் காசநோய்க் கிருமியை உலகுக்குக் காட்டியவர். அதே கிருமியைத் தேடித்தான் என் வேலைக்காலத்தில் பாதி போனது. லென்ஸில் ஒரு படலம் இருந்தால் அந்தச் சிவப்புக் கோல் கண்ணில் படாது. நோயாளிக்கு 'இல்லை' என்று தாள் போய்விடும். துடைப்பதை நான் சில்லறை வேலையாக நினைக்காததற்கு அதுதான் காரணம்.

பள்ளிகளைக் கேட்கிறேன். 'தெளிவாகத் தெரியவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கருவியைத் தள்ளும் முன், தெரிந்த ஒருவரிடம் காட்டினால் என்ன? ஆரம்ப சுகாதார நிலையத்து லேப் டெக்னீசியன் மைக்ராஸ்கோப்போடுதான் நாளைக் கழிக்கிறார். வருடத்துக்கு ஒரு நாள் அவரை அழையுங்கள், பிள்ளைகளைச் சுற்றி உட்கார வையுங்கள். துடைப்பதும் பாடம்தான். ஒரு லென்ஸ் உண்மையிலேயே போய்விட்டாலும் முழுக் கருவியும் போய்விடாது. ஆப்ஜெக்டிவின் மரை 1858-ல் லண்டனில் வகுத்த அளவு, இன்றும் மாணவர் கருவிகளில் அதுதான். 160 என்று பொறித்த பழைய ஆப்ஜெக்டிவுக்குப் பதில், அதே எண் பொறித்த அரியானாவின் அம்பாலாவில் செய்த புது லென்ஸை வாங்கிப் பொருத்தலாம்.

பீரோவில் பூட்டி வைப்பதுதான் பெரிய கொலை. செய்முறைத் தேர்வுக்கு மட்டும் வெளியே வரும் கருவிக்குப் பூஞ்சைதான் துணை. வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்கள். ஆரஞ்சு நிறக் குருணை ஈரம் ஏறினால் பச்சையாகும், ஒரு பழைய வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சாகும். அந்த வாணலியில் பிறகு சமைக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் தங்கை பேத்தி வந்தாள். ஏழாம் வகுப்பு. முற்றத்துச் செம்பருத்தியின் மகரந்தத்தைச் சிலைடில் தட்டி 10 எக்ஸில் வைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஆச்சி, உருண்டை உருண்டையா இருக்கு, சுத்தி முள்ளு!" என்றாள். பள்ளியில் மைக்ராஸ்கோப்பைத் தொட்டிருக்கிறாயா என்று கேட்டேன். பீரோவில் இருக்கிறது, பார்த்திருக்கிறேன் என்றாள்.

கழுத்தில் இருக்கும் அந்த வெள்ளைச் சரக்கு எண்ணை மட்டும் நான் அழிக்கவில்லை. அந்தப் பள்ளியிலிருந்து யாராவது வந்து கேட்டால் துடைத்துக் கொடுத்துவிடுவேன்.