நாற்புறமும் படிக்கும் சதுரம்

இத்தாலி நாட்டுப் பாம்பேய் நகரம் கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலுள் புதையுண்டது. அங்கே 1936இல் வெளிப்பட்ட தூணொன்றில் 25 எழுத்துகளாலான இலத்தீன் சதுரம் ஒன்று கீறப்பட்டிருந்தது. ரோத்தாஸ், ஓப்பெரா, தெனெத், அரேப்போ, சாத்தோர் என்பன அதன் ஐந்து சொற்கள். இடவலமாகவும் வலஇடமாகவும், மேலிருந்தும் கீழிருந்தும் எப்படிப் படிப்பினும் அவ்வைந்து சொற்களே வரும். விதைப்பவன், சக்கரம், உழைப்பு என மற்றவற்றுக்குப் பொருள் உண்டு. அரேப்போ என்பதன் பொருளோ இன்றுவரை துணியப்படவில்லை. அவ்வெழுத்துகளை மாற்றியடுக்கிக் கிறித்தவ வழிபாட்டின் முதற்சொற்களைச் சிலுவை வடிவில் கண்டார் ஓர் அறிஞர், 1926இல். பாம்பேய்ச் சான்று அத்துணைப் பழைமையானதாக அமைந்தமையால் அம்முடிவும் ஐயத்துக்குரியதாயிற்று.

இத்தகு அருங்கலை தமிழுக்குப் புதிதன்று. விகடகவி என்னும் சொல்லைத் திருப்பிப் படித்தாலும் விகடகவியே. முழுப்பாடலும் அவ்வாறு அமைவது மாலைமாற்று. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பதினொரு பாடல்களில் அதனைப் பாடினார். தண்டியலங்காரம் கூறும் சருப்பதோபத்திரமோ இலத்தீன் சதுரத்துக்கு நேர் உடன்பிறப்பு. எட்டெட்டு எழுத்துகளாலான நான்கடிகளை முறையே எழுதி, மீண்டும் கீழிருந்து மேலாக அவ்வடிகளையே எழுத, 64 கட்டங்கள் நிறையும். எந்த மூலையில் தொடங்கினும் பாட்டே வரும்.

எனின், அது புதிராக நிற்க, இது பாடலாக வாழ்வது ஏன்? நம்மிடம் இலக்கணமும் உரையும் இருந்தன. சொல்லைப் பிரித்துக் காட்டவும் பொருள் கூறவும் ஆசிரியர் இருந்தனர். உரையின்றேல் மாலைமாற்றும் நமக்கு அரேப்போவே. நம் எலவனாசூர்கோட்டைச் சிவன் கோயிற் சுவர்களில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகளும் படிக்கத் தெரிந்தோர்க்கே வரலாறு; ஏனையோர்க்கு வெறுங் கீறல்கள்.

பொருள் மறைந்த இடத்தில் மருட்சி குடிபுகும். இலத்தீன் சதுரம் இடைக்கால ஐரோப்பாவில் காய்ச்சலுக்கும் தீவிபத்துக்கும் காப்பாக எழுதப்பட்டது. எப்பக்கம் கூட்டினும் 15 வரும் ஒன்பது கட்டத்தைத் தாயத்தில் அடைத்து அணிவோர் நம்மிடையேயும் உளர். அக்கட்டத்தின் கணக்கைப் பிள்ளைக்கு விளக்கினால் அது அறிவு. விளக்காது கழுத்தில் கட்டினால் அச்சம். பெரியோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இன்றைய வகுப்பறையிலோ சித்திரகவி இரண்டு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிவிட்டது. பெயரை மனப்பாடம் செய்யும் மாணவர் ஒரு பாடலையேனும் கட்டத்தில் எழுதிப் பார்ப்பதில்லை. உரைநூல்கள் நூலகத்தில் உறங்க, வினா-விடைக் கையேடுகள் கைதோறும் உலவுகின்றன. ஒரு தலைமுறை உரையைக் கைவிடின் அடுத்த தலைமுறைக்கு எஞ்சுவது புதிரே. தமிழ் பயிலும் இளையோரே, இவ்வாண்டிலேயே தண்டியலங்காரச் சொல்லணியியலை உரையுடன் திறமின்! ஒரு சதுரத்தையேனும் நும் கையால் வரைந்து, நாற்புறமும் படித்து, பொருளையும் சொல்லிப் பழகுமின்!