ஒன்றா, இரண்டா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்) மாணவி

“நாம் இருவர், நமக்கு இருவர்” என்று சுவருக்குச் சுவர் எழுதி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணமும், அதன் அருகே சிரிக்கும் குடும்பமும் மருத்துவமனை வாசல்களில் எல்லாம் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அன்று அரசாங்கம் கேட்ட கேள்வியை இன்று தனியார் மருத்துவமனை வேறொரு திசையிலிருந்து கேட்கிறது. குழந்தைக்காக ஏங்கி வந்து நிற்கும் தம்பதியரைப் பார்த்து, “கரு ஒன்று வைக்கட்டுமா, இரண்டு வைக்கட்டுமா?” என்கிறது.

மணமாகாத ஒரு பெண்ணுக்கு ஆண்டு மலரில் எழுத வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆய்வுக்கூடத்தில் 33 மணி நேரக் கோழிக் கருவையும் 72 மணி நேரக் கோழிக் கருவையும் நுண்ணோக்கியில் பார்த்து, படம் வரைந்து, மதிப்பெண் வாங்குகிறோம். மனிதக் கருவைப் பற்றிப் பேசும்போது மட்டும் நாணம் எதற்கு?

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். வயது 29. மணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கணவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டால் வீடு திரும்ப இரண்டு நாள்கூட ஆகும். வடிவுடையம்மனுக்கு அக்கா வேண்டாத வேண்டுதல் இல்லை. கேட்காத ஏச்சும் இல்லை. கடைசியில் நகையை அடகு வைத்து, சீட்டையும் தள்ளி எடுத்து, நகரின் மறுகோடியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கினார்கள். தெருவில் விலங்கியல் படிப்பவள் நான் ஒருத்திதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவளும் நான் ஒருத்திதான். ஆகவே, ஆங்கிலத்தில் ஆறு பக்கம் அச்சடித்த ஒப்புதல் தாள் என் கைக்கு வந்தது.

“இதுல இன்னா போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு பாப்பா. ரெண்டா வச்சிடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ரெண்டும் நின்னா ஒரே செலவு, ஒரே வலி, அத்தோட ஆச்சு. ஒண்ணு தவறினாலும் ஒண்ணு தங்குமில்ல?”

இதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். அக்கா போட்டது நல்ல கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அந்த வரியை அவரிடம் எவரும் சொல்லவில்லை.

கொஞ்சம் வரலாறு சொல்லியாக வேண்டும். 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகிய மூவரின் உழைப்பு அது. அந்தத் தாயின் கருப்பையில் வைக்கப்பட்டது ஒரே ஒரு கரு! அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர் ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை வளரச் செய்தார். உருவான கருவை உறைய வைத்துப் பின்னொரு மாதத்தில் கருப்பையில் வைத்தார். அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை, ஏளனம் செய்தது. 1981-இல் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். 1986-இல் பம்பாயில் ‘இந்தியாவின் முதல்’ என்று கொண்டாடப்பட்ட குழந்தைக்குக் காரணமான அறிவியலாளர்களுள் ஒருவர் டி. சி. ஆனந்தகுமார். அவரே 1997-இல் முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதன்மை முகர்ஜிக்கே உரியது என்று எழுதினார். தமக்குக் கிடைத்த பெருமையைப் பிறருக்கு எடுத்துக் கொடுத்த பெருந்தன்மை அது.

இந்தக் கதைக்கும் அக்காவின் கேள்விக்கும் தொடர்பு உண்டு. ஊசி போட்டால் முட்டைகள் பல கிடைக்கின்றன. கருக்களும் பல உருவாகின்றன. உறைய வைக்கும் முறை செம்மைப்படாத நாளில், மிஞ்சிய கருவைக் காப்பாற்ற வழியில்லை. ஆகவே மூன்று, நான்கு என்று ஒரேயடியாக வைத்தார்கள். இன்று உறைய வைக்கும் முறை நன்கு வளர்ந்துவிட்டது. முதலில் ஒன்றை வைக்கலாம். அது தங்காவிட்டால், உறைய வைத்த இரண்டாவதைப் பிறகு வைக்கலாம். மறுபடியும் ஊசி இல்லை, முட்டை எடுக்கும் வேதனையும் இல்லை.

“அப்படிச் செய்தால் வாய்ப்பு குறையாதா?” என்று கேட்பீர்கள். குறையும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. சுவீடன் நாட்டு மருத்துவர்கள் 36 வயதுக்கு உட்பட்ட 661 பெண்களை இரு பிரிவாக்கிச் சோதித்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு கருக்களை ஒன்றாக வைத்த பிரிவில் 42.9 விழுக்காட்டினருக்குக் குழந்தை பிறந்தது. முதலில் ஒன்று, தேவைப்பட்டால் பிறகு உறைந்த ஒன்று என்று வைத்த பிரிவில் 38.8 விழுக்காட்டினருக்குப் பிறந்தது. ஆனால் முதல் பிரிவில் நடந்த பேறுகளில் மூன்றில் ஒன்று இரட்டைப் பேறு. அடுத்த பிரிவில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அக்காவின் கணக்கில் விடுபட்ட வரி இதுதான்.

இரட்டை என்றால் என்ன கெடுதல்? நம் தெருக்களில் இரட்டைக் குழந்தைகளைக் கண்டால் மகிழாதவர் உண்டா? ஆனால் பெண்ணின் கருப்பை ஒரு பிள்ளைக்கென அமைந்தது. இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிடுகிறார்கள். நுரையீரல் முதிராத குழந்தை மூச்சுக்குத் திணறுகிறது. எடை இரண்டரைக் கிலோவை எட்டுவதில்லை. மிகவும் முன்னதாகப் பிறந்தால் கண்ணின் விழித்திரையும் கெடலாம். தாய்க்கோ இரத்த அழுத்தம், பேற்றின் பின் மிகுந்த இரத்தப்போக்கு. “ஒரே செலவு” என்று அக்கா சொன்னாரே, இன்குபேட்டரில் இரு குழந்தைகள் மூன்று வாரம் கிடந்தால் அந்தச் செலவை எந்தச் சீட்டுப் பணம் தாங்கும்? லாரிக்குப் போகாமல் கணவர் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருந்தால் அன்றாடக் கூலி எங்கிருந்து வரும்? மிகைக்கு ஓர் எல்லையும் உலகம் கண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு கருக்களை வைத்து, 2009-இல் எட்டுக் குழந்தைகள் பிறந்தன. அந்த மருத்துவரின் உரிமம் 2011-இல் பறிக்கப்பட்டது.

நாற்பதை நெருங்கியவருக்கும், பலமுறை தோற்றவருக்கும் இரண்டு வைப்பது சரியாக இருக்கலாம். அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. நான் பேசுவது 29 வயதுப் பெண்ணைப் பற்றி. அவரை இரண்டு கேட்க வைத்தது உடம்பல்ல, பணம். இன்னொரு முறை கட்டப் பணமில்லை என்ற அச்சம்.

பெல்ஜியம் நாடு இதை நன்கு புரிந்துகொண்டது. 2003-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஆறு முறை வரை ஆய்வகச் செலவை அரசே ஏற்கும். ஆனால் 36 வயதுக்கு உட்பட்ட பெண்ணுக்கு முதல் முறை ஒரு கருதான் வைக்க வேண்டும். அடுத்த வாய்ப்பு உறுதி என்று தெரிந்தால் யார்தான் சூதாடுவார்கள்? இரட்டைப் பேறுகள் குறைந்ததால் குழந்தைகள் பிரிவில் செலவும் மிச்சமானது.

நம் நாட்டிலும் விதிகள் இல்லாமல் இல்லை. வாடகைத் தாய்க்கு ஒரு கருவே வைக்க வேண்டும், சிறப்புக் காரணம் இருந்தால் மட்டும் மூன்று வரை வைக்கலாம் என்று 2022-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. கருத்தரிப்புச் சிகிச்சை பற்றிய 2021-ஆம் ஆண்டுச் சட்டம், செலவையும் ஆபத்தையும் முன்கூட்டியே விளக்கி, எழுத்தில் ஒப்புதல் பெறச் சொல்கிறது. ஆங்கிலத்தில் ஆறு பக்கம் கொடுப்பதும் விளக்கம்தானாம்!

குழந்தைப் பேற்றுக்கு அரசு செலவு செய்வது தமிழகத்துக்குப் புதிதல்ல. 2004 ஆழிப்பேரலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரில் பலர் முன்பே கருத்தடை செய்துகொண்டவர்கள். அவர்களுக்கு மீண்டும் குழாயை இணைக்கும் அறுவைச் சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்து தர முன்வந்தது. எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனையிலும் அரசின் செயற்கைக் கருத்தரிப்பு மையம் 2024-இல் தொடங்கப்பட்டது. காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் எத்தனை பேருக்கு இது தெரியும்? ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்குப் பேறுக்குப் போகாத குடும்பம் எங்கள் பகுதியில் அரிது. அங்கும் இப்படி ஒரு பிரிவு வர வேண்டும். ஒன்று தங்காவிட்டால் அடுத்ததும் இலவசம் என்று அதன் வாசலில் எழுதி வைக்க வேண்டும்.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்யலாம். இந்த ஒப்புதல் தாள்களை எளிய தமிழில், இரண்டு பக்கத்தில் எழுதித் தர எங்கள் விலங்கியல் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்தால் முடியாதா? அக்காவின் தாளில் முதல் இரண்டு பக்கங்களை நான் எழுதிவிட்டேன். மீதி நான்கு பக்கங்களுக்குப் பேராசிரியர்களின் உதவி வேண்டும்.