டிஸ்க் போனால் பெட்டியே போகணுமா?

டிவியில் மாட்டி விளையாடுகிற பழைய கேம் பெட்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குவார்கள். வாங்கிய கையோடு சிப் போடுகிறேன், சாஃப்ட்வேர் மாத்துகிறேன் என்று திறப்பார்கள். கொஞ்ச நாளில் உள்ளே இருக்கிற ஹார்டு டிஸ்க் படுத்துவிடும். "ஓடிட்டிருந்ததை நோண்டிக் கெடுத்துட்டான்" என்று வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்பு எழுதிவிடுவோம். அந்தத் தீர்ப்பில் பாதிதான் நியாயம் என்பது என் கட்சி.

மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001 நவம்பரில் அமெரிக்காவில் வந்தது. ஹார்டு டிஸ்க்கை உள்ளேயே வைத்து விற்ற முதல் கேம் பெட்டி அதுதான். 8 ஜிபி டிஸ்க். தட்டு சுழல, படிக்கிற ஹெட் அதைத் தொடாமல் மேலே மிதக்கும். நடுவில் இருக்கிற இடைவெளி தலைமுடிக் கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. இருபது வருஷம் கழித்து அந்த டிஸ்கில் மணிக்கணக்காகக் கேம்களை ஏற்றினால் தாங்குமா? பல வருஷம் நிறுத்திப்போட்ட தறிக்கு எண்ணெய்கூட விடாமல் ராவும் பகலும் ஓட்டுகிற கதைதான். பையன் கை வைத்ததால் சாவு கொஞ்சம் முந்தியிருக்கலாம். வயசு அதற்கு முன்னாடியே ஆகிவிட்டது.

டிஸ்க் செத்ததைக்கூட விட்டுவிடலாம். அதோடு பெட்டியும் முடங்குவதுதான் அக்கிரமம்.

எங்கள் சாமளாபுரம், சோமனூர் பக்கம் தறி ஓட்டியவர்களுக்குத் தெரியும். மோட்டார் போனால் வேறு கம்பெனி மோட்டார் மாட்டலாம். இது என் மோட்டார் இல்லை என்று எந்தத் தறியும் அடம் பிடித்ததில்லை. எக்ஸ்பாக்ஸ் அடம் பிடிக்கும். ஒவ்வொரு பெட்டியின் டிஸ்க்குக்கும் தனிப் பூட்டு. அதன் சாவி மதர்போர்டில் இருக்கிற ஒரு சின்ன மெமரி சிப்பில் இருக்கிறது. அந்தச் சிப்பின் கொள்ளளவே 256 பைட்தான், இந்தப் பத்தியில் பாதிகூட அதில் அடங்காது. கடையில் புது டிஸ்க் வாங்கி மாட்டினால், பூட்டு இல்லை என்று சொல்லி நின்றுவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. நாம் திட்டுகிற அந்தச் சிப்பைப் போட்ட பெட்டி, பூட்டில்லாத டிஸ்க்கையும் ஏற்றுக்கொள்ளும். எதைக் கெடுதல் என்கிறோமோ அதுதான் ரிப்பேருக்கு வழி விடுகிறது. பூட்டை உடைத்தவர்கள் எல்லாரும் திருட்டுக் கேமுக்காகவும் உடைக்கவில்லை. ஆண்ட்ரூ ஹுவாங் என்கிற மாணவர் 2002இல் இந்தப் பெட்டியின் ரகசியச் சாவியைக் கண்டுபிடித்து, அடுத்த வருஷமே அதைப் புத்தகமாக எழுதினார். இன்று பல வீடுகளில் டிவியில் படம் பார்க்கப் பயன்படுத்துகிற கோடி என்ற சாஃப்ட்வேரும் இப்படித் திறந்த எக்ஸ்பாக்ஸில் பிறந்ததுதான். 2014இல்தான் அதற்கு இந்தப் பெயர் வந்தது.

திருட்டுக் கேம் ஏற்றி விற்பதை நான் ஆதரிக்கவில்லை. 2012இல் நம் காப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையைத் திருடும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை. நோக்கத்தோடு என்ற சொல்லைக் கவனியுங்கள். காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குப் புது டிஸ்க் போடுவதில் என்ன திருட்டு இருக்கிறது? 2022இல் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென்று குழு போட்டு, அந்த வருஷக் கடைசியில் இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டுச் சாமான், வண்டி என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். கேம் பெட்டியையும் பேர் சொல்லிச் சேர்க்க வேண்டும். கம்பெனி அந்த மாடலை விற்பதை நிறுத்தும் நாளில் சாவியை வாங்கியவன் கையில் கொடுக்க வேண்டும்.

அதுவரை பெட்டியைத் திறக்கிற மெக்கானிக்கிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: "சாவிக்குக் காப்பி எடுத்தாச்சாங்க?" பெட்டி ஓடும்போது எடுத்தால் சில நிமிஷ வேலை. பென்டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று போட்டு வையுங்கள். டிஸ்க் செத்த பிறகு என்றால் போர்டில் ஒயர் பற்றவைத்து அந்தச் சிப்பிலிருந்தே படிக்க வேண்டும். அந்தக் கை எல்லாக் கடையிலும் இருக்காது. டிஸ்கில் டிக் டிக் என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள், இன்னொரு தடவை போட்டுப் பார்க்க வேண்டாம். அந்தப் பழைய பெட்டிகளில் கடிகாரத்துக்காக வைத்த கெபாசிட்டர் ஒழுகி போர்டின் செம்புக் கோடுகளை அரிக்கும். சாவி இருக்கிற சிப்பும் அதே போர்டில்தான்.