பாரம்பரியம் அரண்மனையுடையதா, வயலுடையதா?

திருவனந்தபுரம் ஆரியசாலையையும் அதையொட்டிய சாலைக் கடைவீதியையும் பற்றி எழுதும் முதலாளித்துவ வரலாற்றாசிரியர்கள் திவான் ராஜா கேசவதாசனில் தொடங்கி, திருவிதாங்கூர் மன்னர்களின் தர்மசிந்தனையில் முடிக்கிறார்கள். சந்தையை அமைத்தவர் திவான் என்பது உண்மையே. ஆனால் அச்சந்தைக்கு நெல்லும் கிழங்கும் விளைவித்தவர்கள் யார்? இந்தக் கேள்வியின் முன் பாரம்பரியப் புகழுரைகள் வாயடைத்துப் போகின்றன.

விடை, நகருக்குத் தெற்கேயுள்ள வெங்ஙானூர் போன்ற வேளாண் கிராமங்களில் இருக்கிறது. அங்கே சேற்றில் உழைத்த புலையர் மக்கள் 1855 வரை சட்டப்படியே அடிமைகள். அடிமைமுறை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட பின்னரும், அவர்கள் விளைவித்த நெல் சென்ற பொதுச்சாலையில் அவர்கள் நடக்க முடியவில்லை. 1893-இல் வெங்ஙானூரில் அய்யன்காளி வில்வண்டியேறி அந்தத் தடையை உடைத்தார். 1898-இல் பாலராமபுரத்தில் பொதுவழி உரிமைக்காக இரத்தம் சிந்தப்பட்டது. 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கம் உருவாயிற்று.

அய்யன்காளியை வெறும் சாதித் தலைவராகச் சுருக்குவோர் ஒன்றை மறைக்கிறார்கள். உழைப்பாளரின் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவு அடைக்கப்பட்டபோது, அவரது தலைமையில் விவசாயத் தொழிலாளர்கள் ஏரைக் கீழே வைத்தார்கள். வயல்களில் களை மண்டியது. பட்டினி அவர்களைப் பணியவைக்கும் என நிலவுடைமையாளர்கள் காத்திருந்தனர். விழிஞ்ஞம் மீனவர்களோ வேலைநிறுத்தக்காரர்களைத் தம் படகுகளில் சேர்த்துக்கொண்டனர். உழைப்பை நிறுத்துவதும், சக உழைப்பாளர் தோள்கொடுப்பதும் வர்க்கப் போராட்டம் அல்லவெனில் வேறென்ன? அதுவும் ரஷ்யப் புரட்சிக்கு முன்பே!

அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகள் இன்னும் தீரவில்லை. பிரஜா சபையில் அய்யன்காளி நிலமற்றோருக்கு நிலம் கேட்டார். 1957-இல் குடிவெளியேற்றம் தடுக்கப்பட்டது. 1970-இல் ஜமீன் முறைக்கு ஒப்பான ஜன்மி முறை ஒழிக்கப்பட்டது. இவை மக்கள் போராடிப் பெற்ற மகத்தான வெற்றிகள். எனினும் குத்தகையாளருக்கு வயல் கிடைத்தது. வயலில் இறங்கி உழைத்தவருக்கோ, கிராமப்புறத்தில் அதிகபட்சம் 10 சென்ட் குடியிருப்பு நிலமே வாய்த்தது. இதற்கிடையே கேரளத்தில் 1970-களின் நடுவில் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெற்பரப்பு இன்று ஏறத்தாழ 2 லட்சமாகச் சுருங்கிவிட்டது. வயலை மண்ணிட்டு மூடி மனையாக விற்கும் மூலதனமே, மறுபுறம் பாரம்பரியத்தைக் காட்சிப்பொருளாக்கி விற்கிறது.

பஞ்சமி என்ற தலித் சிறுமியை அய்யன்காளி சேர்க்க முயன்றதற்காக ஊரூட்டம்பலம் பள்ளி தீயிடப்பட்டது. அத்தீயில் எஞ்சிய கருகிய பெஞ்சு அப்பள்ளியில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. எந்த மன்னரின் சிம்மாசனத்தை விடவும் உயர்ந்த பாரம்பரியச் சின்னம் அதுவே. ஆரியசாலையின் வரலாற்றைப் பேசுவோர் அங்கிருந்து தொடங்கட்டும். உழுபவருக்கு நிலம், வயல்களுக்குப் பாதுகாப்பு என்ற முழக்கத்துடன் அந்த மரபை முன்னெடுத்துச் செல்வதே உழைக்கும் வர்க்கத்தின் கடமை.