கழுத்து திரும்பியதற்காகச் சாக வேண்டுமா?

"கொன்னுடும்மா, அதுக்கு நீ செய்யற புண்ணியம் அதான்." இதைச் சொல்லாத வாய் எங்கள் தெருவில் இல்லை. பால் ஊற்ற வந்தவர் சொன்னார். ஆடு ஓட்டிப் போகிற அக்கா சொன்னார். விசேஷத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர், "கழுத்துதானே கோணல், கறி நேராத்தானே இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த வாய்க்கு அன்று நான்தான் சோறு போட்டேன். இன்னும் நெஞ்சு ஆறவில்லை.

ஒரு வெள்ளை முயலைப் பற்றித்தான் சொல்கிறேன். உத்திரமேரூர் ஏரிக்கரையில் அட்டைப்பெட்டியோடு யாரோ வைத்துவிட்டுப் போன முயல். தலை ஒரேயடியாகச் சாய்ந்து, வலது காது தரையில் கிடந்தது. எழுந்திருக்கப் பார்க்கும், புரண்டு விழும், மறுபடி புரளும். பெட்டிக்குள் ஒரு முழுக் கேரட் போட்டிருந்தார்கள். விட்டுவிட்டுப் போனதைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேன், அந்தக் கேரட்டை மன்னிக்க மாட்டேன். தலையே நிற்காத உயிர் அதை எப்படிக் கடிக்கும்? தங்கள் மனசாட்சிக்கு அவர்கள் கொடுத்துக்கொண்ட லஞ்சம் அது.

ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம், தோட்டத்துக்குத் தோட்ட வாரியம் என்று அமைத்து, அதற்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. கி.பி. 920 வாக்கில் வெட்டிய அந்தக் கல்வெட்டைப் பார்க்க வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அந்த ஊர் ஏரிக்கரைக்கு இன்று வந்து சேர்வது என்ன? பொட்டை என்பதால் வேண்டாமென்ற நாய்க்குட்டி, கண் போன பூனை, கழுத்து திரும்பிய முயல்.

"காட்டுல விட்டா அதுவே பொழைச்சிக்கும்" என்று ஒரு சமாதானம் சொல்கிறார்களே, அதைக் கேட்டால் எனக்குப் பற்றி எரிகிறது. நம் புதர்க்காட்டில் ஓடுகிற முயல் வேறு, கூண்டில் விற்கிற முயல் வேறு. நம்முடையது கருங்கழுத்து முயல். திறந்த வெளியில் புல் மறைவில் பிறந்து, கண் திறந்தபடியே, உடம்பில் முடியோடு பூமிக்கு வருவது. சந்தையில் வாங்கும் வெள்ளை முயல் ஐரோப்பிய முயலின் வழிவந்தது. வளைக்குள், முடியில்லாமல், கண் மூடியபடி பிறப்பது. தலைமுறை தலைமுறையாக மனிதன் கையிலிருந்து தின்று வாழ்ந்த பிராணியைக் கரையில் இறக்கிவிட்டு, பிழைத்துக்கொள் என்றால் என்ன அர்த்தம்? தெருநாய்க்குத் தெரியும் அர்த்தம். அதுவும் நேராக நிற்கவே முடியாத முயல்!

அதற்கு என்னதான் வந்தது என்று கேட்டுவிட்டாவது கொல்லச் சொல்லியிருக்கலாம். 'இழுப்பு' என்றார்கள், 'காத்து கருப்பு' என்றார்கள், கழுத்து ஒடிந்துவிட்டது என்றார்கள். ஒன்றுமே ஒடியவில்லை. முயலுக்குத் தலை சாய முக்கியக் காரணங்கள் இரண்டு. உள்காதில் சீழ் பிடிப்பது ஒன்று, பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகளால் வரும். இன்னொன்று என்செபலிட்டோசூன் குனிக்குலி என்கிற நுண்ணுயிர், மூளையிலும் சிறுநீரகத்திலும் போய்த் தங்குவது. நோய்ப்பட்ட முயலின் சிறுநீரால் பரவும், தாயிடமிருந்து குட்டிக்கும் போகும். பல முயல்களின் உடம்பில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, உடம்பு தளரும் நேரத்தில் தலையைச் சாய்த்துவிடும். 1922-லேயே முயல்களில் இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் உலகத்துக்குத் தெரிந்த நோய்க்கு எங்கள் ஊரில் இன்னும் காத்து கருப்பு என்றுதான் பெயர்.

இதற்குக் கொடுக்கும் மருந்து எது தெரியுமா? பென்பெண்டசோல். நம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் குடற்புழு நீக்கக் கொடுக்கிற அதே மருந்து. ஆடு வளர்க்கிறவர் வீட்டு மாடத்தில் பாதி பாட்டிலாக நிற்கும். முயலுக்குப் பொதுவாக 28 நாள் தொடர்ந்து கொடுக்கச் சொல்வார்கள். அளவு கூடினால் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் என்பதால் எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லாமல்தான் நான் அலைந்தேன். முதலில் தூக்கிக்கொண்டு போன இடத்தில், "மாட்டுக்கே நேரம் பத்தலை, முயலுக்கெல்லாம் யாரும்மா வருவாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அங்கே கன்று ஈன முடியாமல் ஒரு பசு நின்றிருந்தது, அவர்கள் பாடு எனக்குப் புரிகிறது. ஆனால் கையில் புரள்கிற உயிரோடு நிற்பவளுக்கு வேறு எங்கே போவதென்று ஒரு சீட்டாவது எழுதித் தரக்கூடாதா?

மருந்துக் கடையில் இன்னும் மோசம். கேட்டதும் குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் சிரப்பை எடுத்து நீட்டினார்கள். வாங்காமல் திரும்பினேன். முயலுக்கு வாய்வழி அமாக்சிசிலின் விஷத்துக்குச் சமம். அதன் குடலில் செரிமானத்துக்கு வேண்டிய நுண்ணுயிர்களைக் கொன்று, கெட்டதைப் பெருகவிட்டு, சில நாளில் முயலையே கொண்டுபோய்விடும். எத்தனை பிள்ளைகள் ஆசையாக வளர்த்த முயலுக்கு இதை ஊற்றிவிட்டு, காலையில் விறைத்துக் கிடப்பதைப் பார்த்து அழுதிருக்குமோ! யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. எனக்கு வேப்பேரியில் சொன்னார்கள். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து எழும்பூருக்கு மின்சார ரயில், சுமார் 90 கிலோமீட்டர். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் கூடைக்குள் அது உருண்டது. கூலி வேலைக்குப் போகிறவள் ஒரு முயலுக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டு அங்கே போவாளா? போக மாட்டாள். ஏரிக்கரைக்குத்தான் போவாள். எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை.

வைத்தியத்தை விடப் பராமரிப்புதான் பெரிய வேலை. முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினியும் கிடக்க முடியாது. ஒரு நாள் தின்னாவிட்டால் குடல் நின்றுவிடும், அதோடு கதை முடிந்தது. தலை சுற்றுவதால் புல் எதிரிலேயே கிடந்தாலும் வாய் அதைத் தேடிப் போகாது. அருகம்புல்லை ஒவ்வொரு இழையாக வாயோரம் நீட்ட வேண்டும். நீட்டினால் உதடு துடிக்கும், பிறகு கவ்வும், பிறகு கறுக் கறுக்கென்று இழை உள்ளே போகும். அந்தச் சத்தத்துக்காக நள்ளிரவில் எழுந்து உட்காரலாம். கவ்வாத நாளில் இலையை அரைத்து ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தோரம் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், அவசரப்பட்டால் புரையேறும். பாட்டில் குழாயை அண்ணாந்து நக்க முடியாது, தண்ணீருக்குத் தட்டைக் கிண்ணம்தான். புரளும்போது அடிபடாமல் இருக்க நாலு பக்கமும் பழைய புடவையைச் சுருட்டி அணை கொடுக்க வேண்டும். தரைப்பக்கம் இருக்கும் கண் சரியாக மூடாமல் காய்ந்து புண்ணாகிவிடும். வைக்கோல் தூசி படாமல் துடைத்து, மருந்து போட்டு ஈரமாக வைத்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் இன்னொரு போராட்டம். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை விடும். அக்கினி நட்சத்திரத்தில் ஈரச் சாக்கு காயாமல் பார்ப்பதே ஒரு வேலை. அருகம்புல்லுக்கும் வரப்பு வரப்பாக விசாரித்துத்தான் போக வேண்டும், களைக்கொல்லி அடிக்காத வரப்பு அரிதாகிவிட்டது.

இத்தனையும் செய்தால் என்ன ஆகும்? பிழைக்கும்! அதைத்தான் கத்திச் சொல்கிறேன். எல்லாமும் பிழைக்காது, ஆனால் தின்ன மனசிருக்கிற முயலுக்குக் கதவு மூடவில்லை. இது இன்று புரள்வதில்லை. கழுத்து முழுக்க நிமிரவில்லை, நிமிராமலே போகலாம். அதனால் என்ன? சாய்ந்த தலையோடு ஓடுகிறது, சாய்ந்த தலையோடு என் கொலுசை முகர்கிறது, கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தால் அடுப்படிக்கே வந்து நிற்கிறது. உலகம் அதற்குச் சாய்வாகத் தெரியலாம், வாழப் பிடித்திருக்கிறது. அதைக் கொல்வதுதான் புண்ணியம் என்று எனக்குச் சொன்னீர்களே!

இன்னும் அடங்காத கோபம் விற்றவர்கள் மேல். தாய்ப்பால் மறக்காத குட்டிகளைக் கம்பிக் கூண்டில் அடுக்கி, "இது இவ்ளோதான் வளரும்" என்று பொய் சொல்லி, பிறந்தநாள் பொம்மையாகக் கை மாற்றுகிறார்கள். செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. சாலையோரக் கூண்டில் பதிவு எண்ணைப் பார்த்தவர் உண்டா? சட்டத்தின் தராசு இன்னும் கொடுமை. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தக் கேரட்டோடு பெட்டியை வைத்துவிட்டுப் போனவர் நாளைக்கே பிடிபட்டாலும் 50 ரூபாய் நோட்டை நீட்டிவிட்டு நடக்கலாம். 2022-ல் திருத்த வரைவை வெளியிட்டு ஒன்றிய அரசு மக்களிடம் கருத்துக் கேட்டது. அந்தத் தொகையை மாற்றுங்கள் என்று கேட்க ஏரிக்கரை முயலுக்கு வாயில்லை, நான் கேட்கிறேன்.

முயல் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. தலை லேசாகச் சாய்ந்தாலே, கண்மணி அப்படியும் இப்படியும் துடித்தாலே, அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். கடையில் எடுத்துக் கொடுக்கிற சிரப்பை ஊற்றாதீர்கள். உங்களால் பார்த்துக்கொள்ளவே முடியாது என்றால் ஏரிக்கரையில் மட்டும் வைக்காதீர்கள். என் வீட்டுக் கதவைத் தட்டிக் கையில் கொடுங்கள், ஏன் என்று கேட்க மாட்டேன்.