தாழ்ந்த வண்டியும் தட்டிய தளையும்

அருமனையில் ஒரு பட்டறையில் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றைக் கண்டோம். 1961 முதல் சென்னையில் தயாரான அந்தக் காரை இன்று சாலையில் காண்பதே அரிது. அதன் உரிமையாளரான இளைஞர், ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கித் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தார். ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கி 1962இல் இங்கிலாந்தில் உருவான ஸ்போர்ட்ஸ் கார் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. தம்பியின் தோற்றம் அண்ணனுக்கும் வரவேண்டும் என்பது அந்த இளைஞரின் ஆசை. ஆசையில் குற்றமில்லை. ஆனால், 'இறக்கினால் அழகாயிருக்கும், வேறொன்றும் ஆகாது' என்று அங்கே அவருக்குச் சொல்லப்பட்ட சமாதானத்தை எங்களால் ஏற்க முடியவில்லை.

வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு சீரில் ஓரசையைக் குறைத்தால் குறைவது அந்தச் சீர் மட்டுமன்று. அடுத்த சீரோடு அதற்கிருந்த தளையும் தட்டிவிடுகிறது. வண்டியின் உயரமும் அவ்வாறே. சக்கரத்தின் சாய்வும் அது நோக்கும் திசையும் அந்த உயரத்தோடு தளைப்பட்டவை.

பின்பக்கத்தை முதலில் பார்ப்போம். ஹெரால்டிலும் தொடக்ககால ஸ்பிட்ஃபயரிலும் இருப்பது ஸ்விங் ஆக்சில். நடுவிலுள்ள டிஃபரன்ஷியலின் இருபுறமும், கீலில் ஆடும் கதவைப் போல, அச்சுகள் மூட்டிலிருந்து மேலும் கீழும் ஆடுகின்றன. வண்டியின் உடல் இறங்கினால் சக்கரத்தின் தலை உட்புறம் சாயும். மூட்டிலிருந்து சக்கரம் அரை மீட்டர் தள்ளி இருப்பதாகக் கொண்டால், 25 மி.மீ. இறக்கும்போது ஏறத்தாழ 3 பாகை சாய்வு கூடும். டயர் உள்விளிம்பில் தேயத் தொடங்கும். அதைத் தனியே திருத்தப் பின்பக்கத்தில் வசதி கிடையாது. அங்கே உயரமே சாய்வைத் தீர்மானிக்கிறது.

மறுதரப்பின் நியாயத்தையும் சொல்லியாகவேண்டும். வளைவில் வேகமாகத் திரும்பினால் ஸ்விங் ஆக்சில் வண்டியின் பின்புறம் எழும்பி, சக்கரம் அடியில் மடங்கப் பார்க்கும்; பின்பிடி சட்டென்று விட்டுப்போகும். சற்றே இறக்கினால் அந்த ஆபத்து தள்ளிப்போகிறது. ஆகவே பந்தயத்துக்காக இறக்குவோரின் செயலில் காரணம் உண்டு. ஸ்பிட்ஃபயரைச் செய்தவர்களே 1970இல் வந்த நான்காம் மாதிரியில் குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றி இக்குறையைக் குறைத்தார்கள். ஆனால் சோழவரத்தில் பந்தயத் தடமாக இருந்தது பழைய விமான ஓடுதளம், தட்டையானது. அருமனைச் சாலையோ மேடும் பள்ளமும் வளைவும் வேகத்தடையும் கொண்டது. இருபருவ மழையில் நனைவது வேறு.

முன்பக்கத்தில் சிக்கல் நுட்பமானது. மேலும் கீழுமாக இரண்டு கைகள் சக்கரத்தைத் தாங்குகின்றன. ஸ்டியரிங் தண்டு தனியொரு வட்டத்தில் அசைகிறது. வடிவமைத்த உயரத்தில் இவை இசைந்திருக்கும். உயரம் மாறினால் 'டோ' மாறும். அதை ஸ்டியரிங் தண்டின் முனையில் சரிசெய்யலாம். முன்சாய்வைக் கீழ்க்கையின் அடியில் தகடு சேர்த்தும் எடுத்தும் திருத்தலாம். ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது, ஓட்டுபவர் திருப்பாமலே சக்கரம் தானாகத் திரும்பும் குணத்தை அலைன்மென்ட் போக்காது. நின்றிருக்கும் வண்டியில் அளந்த அளவு, ஓடும் வண்டிக்குச் செல்லாது.

எங்கள் கருத்து இதுதான். இறக்கத்தான் வேண்டுமென்றால் சிறிதளவே இறக்குங்கள். தேய்ந்த புஷ்களை முதலில் மாற்றுங்கள். ஓட்டுநர் அமர்ந்த எடையோடு நான்கு சக்கரங்களையும் அளந்து அலைன்மென்ட் செய்யுங்கள். ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவதை மட்டும் எப்போதும் செய்யாதீர்கள்.

அருமனையைச் சுற்றிய தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்வெட்டும் உழைப்பின் பயன்தான் டயராகிறது. அதை ஒரு தோற்றத்துக்காக உள்விளிம்பில் தேய்த்துத் தீர்ப்பது எங்களுக்கு உவப்பானதன்று. அந்தப் பட்டறையில் வண்டி இன்னும் இறக்கப்படவில்லை என்றே நம்புகிறோம். பழைய பாட்டைத் திருத்த முனைவோர் முதலில் அதன் யாப்பைக் கற்பது போல, பழைய வண்டியைத் திருத்துவோர் அதன் கணக்கைக் கற்கட்டும்.