நாற்றைத் தின்றது உருண்டைப் பூச்சியா?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், மாடியிலும் கொல்லையிலும் தொட்டிச் செடி வளர்ப்போரிடமிருந்து ஒரு புகார் தவறாமல் எழும். அவரை, வெள்ளரி, கத்தரி நாற்றுக்கள் முளைத்து இரண்டு இலை விட்டிருக்கும். மறுநாள் காலையில் தண்டு மண்ணோடு சாய்ந்து கிடக்கும். தொட்டியை நகர்த்திப் பார்த்தால் அடியில் சாம்பல் நிறத்தில், ஓடு போர்த்தது போன்ற சிறு பூச்சிகள் கும்பலாக ஓடும். தொட்டால் சில வகை மணிபோலச் சுருண்டு உருண்டையாகிவிடும்; சில வகை சுருளாமல் ஓடி ஒளியும். குற்றவாளி கையும் களவுமாக அகப்பட்டதாக முடிவு கட்டி, உரக்கடைக்குப் போய்க் குருணை மருந்து வாங்கி வந்து தொட்டியில் தூவுகிறார்கள். நாற்று போனதைவிட இது பெரிய கேடு.

இதை மரவட்டை என்று எண்ணுவோர் உண்டு. மரவட்டை வேறு, அதற்குக் கால்கள் ஏராளம். உருண்டைப் பூச்சிக்கு ஏழு ஜோடிக் கால்களே. உண்மையில் இது பூச்சி இனமே அன்று. இறால், நண்டு ஆகியவற்றின் உறவு. நிலத்துக்கு வந்து எத்தனையோ காலமாகியும், செவுள் போன்ற உறுப்புக்களால் மூச்சு விடும் வழக்கம் இதை விட்டுப் போகவில்லை. அவ்வுறுப்புக்கள் ஈரமாக இருந்தால்தான் இதற்கு உயிர். ஆகவேதான் பகலெல்லாம் ஈரமான இருட்டில் பதுங்கியிருந்து இரவில் வெளிவருகிறது. பெண் தன் முட்டைகளை வயிற்றின் அடியிலுள்ள ஒரு பையில் சுமந்து திரிந்து, குஞ்சுகளாகவே வெளியே விடும். ஈரம் இருக்கும் வரையில் பெருக்கத்துக்குக் குறைவில்லை.

இதன் இயல்பான உணவு மக்கிய சருகு, உளுத்த மரம், அவற்றில் படரும் பூஞ்சணம் ஆகியவையே. சருகைத் துண்டு துண்டாக்கி, நுண்ணுயிர்கள் விரைவில் மக்கச் செய்ய உதவுகிறது. எருக்குழியில் இது கூலி கேளாத வேலையாள்.

அப்படியானால் நாற்றைச் சாய்த்தது எது? பெரும்பாலும் நாற்றழுகல் நோயே. மண் மட்டத்தில் தண்டு நீர் கோத்து, மெலிந்து, மடங்கி விழும். இலை கடிபடாமல் இருக்கும். செத்த நாற்றைத் தின்னத்தான் உருண்டைப் பூச்சி பின்னர் வந்து சேருகிறது. பிணத்தருகே நின்றவனைக் கொலைகாரன் என்று பிடிப்பது போன்றது இது. தண்டு கத்தியால் அறுத்தது போலத் துண்டாகியிருந்தால், பக்கத்து மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும். வெட்டுப்புழு சுருண்டு கிடக்கக்கூடும். பளபளக்கும் பசைத் தடம் இருந்தால் நத்தையின் வேலை. இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் விளக்குடன் ஒரு முறை போய்ப் பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். இந்தச் சிறு சிரமத்தை ஏற்காமல் மருந்துக் கடையை நாடுவதுதான் வியப்பு.

உருண்டைப் பூச்சி முற்றிலும் நிரபராதி என்று வாதிடுவதற்கில்லை. கூட்டம் பெருகிவிட்டால் பயறு, வெள்ளரி போன்றவற்றின் இளந்தண்டையும் வித்திலைகளையும் சுரண்டித் தின்னும். மண்ணில் படிந்து கிடக்கும் காயில் ஏற்கெனவே ஓட்டையிருந்தால் அதைப் பெரிதாக்கும். அர்ஜெண்டினாவிலும், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலும் உழாமல் விதைக்கும் சோயா மொச்சை வயல்களில், மண்மேல் விடப்படும் தாளில் இது பெருகி இளம் பயிரை அழித்ததுண்டு. மூடாக்கு, மூடாக்கு என்று முழங்குவோர் இதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. மூடாக்கு வேண்டியதே, ஆனால் இரண்டு இலை நாற்றின் கழுத்து வரை ஈரச் சருகைக் குவிப்பது விருந்து வைத்து அழைப்பதாகும்.

இனி மருந்துக்கு வருவோம். ஒரு காலத்தில் தோட்டந்தோறும் தூவப்பட்ட போரேட் குருணை, 2018இல் வெளியான மத்திய அரசின் ஆணைப்படி 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய பொட்டலம் பரணில் இருந்தாலும் அதைத் தொடக்கூடாது. கார்போபியூரான் குருணையோ வேர் வழியே ஏறிச் செடி முழுவதும் பரவும் கொடிய நஞ்சு. தானியமென்று கொத்தும் குருவி சாகும். முளைக்கீரையை 25 நாளில் பறித்துக் குழந்தைக்குக் கடைந்து ஊட்டும் வீட்டில், அந்தக் கீரைத் தொட்டியில் இதைப் போடலாமா? ஒரு பிடி கீரை விதையின் விலை என்ன, குழந்தையின் உடல் நலம் என்ன? உப்பைத் தூவுவோரும் உண்டு. உப்பு பூச்சியைக் கொல்லும். கூடவே மண்ணையும் கெடுக்கும்.

செய்ய வேண்டியது ஈரத்தை அடக்குவதே. மாலையில் ஊற்றும் தண்ணீரைக் காலைக்கு மாற்றினால், இரவில் மேல்மண் உலர்ந்திருக்கும். தொட்டிகளைத் தரையில் படிய வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்ற வேண்டும். சுற்றிலும் கிடக்கும் ஈரப்பலகை, உடைந்த ஓடு, பழைய சாக்கு ஆகியவற்றை அகற்றினால் பகலில் தங்க இடமிராது. மூடாக்கை நாற்றிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைக்கலாம். தென்னை நார்க்கழிவு மட்டும் நிரப்பிய பைகளில், மேலே காய்ந்தது போலத் தோன்றினாலும் உள்ளே ஈரம் நிற்கும். விரலை விட்டுப் பார்த்த பின்பே தண்ணீர் ஊற்றுவது நலம். மாடித்தோட்டங்களில் சாகும் நாற்றுக்களில் பல, தண்ணீரின்றிச் சாவதில்லை, தண்ணீரால் சாகின்றன.

கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுக்களைக் குழித்தட்டில், மேசை உயரத்தில் வளர்த்து, நாலைந்து இலை விட்ட பின் நட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. விதைக்குமுன் கிலோவுக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்தால் நாற்றழுகலும் கட்டுப்படும். நேராக விதைக்கும் அவரை, வெள்ளரிக்கு அடி நீக்கிய காகிதக் கோப்பையை வளையமாக மண்ணில் அழுத்தி வைக்கலாம்.

கூட்டம் பெருகிவிட்ட இடத்தில், மாலையில் உருளைக்கிழங்குத் தோலையோ பூசணித் துண்டையோ வைத்து, அதன்மேல் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். விடியற்காலையில் எடுத்தால் அடியில் மொய்த்திருக்கும். அப்படியே எருக்குழியில் உதறிவிடலாம். ஒரு வாரம் தொடர்ந்து செய்தும் எண்ணிக்கை குறையவில்லையானால், தொட்டியைச் சாய்த்து அடித்துளையைப் பார்க்க வேண்டும். வேரோ மண்ணோ அதை அடைத்திருந்தால், குச்சியால் குத்தி, ஓட்டுச் சில்லு வைத்து, மண்ணை மாற்றி நட வேண்டியதுதான்.